ஃபியூஸ் யார் பையில் இருந்தது

என் அக்காவின் கணவருக்கு எங்கள் சபையில் 'மனப்பாடம்' என்று பெயர். ஞாயிறு வேதபாட வகுப்பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதிகாரம் அதிகாரமாகச் சொல்வார். ஒரு வார்த்தை பிசகாது. சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்று அவருடைய சீடர் பேதுரு மூன்று தடவை மறுதலித்த கதை வந்துவிட்டால் அத்தானுக்குக் குஷி பிறந்துவிடும்.

"எல்லாரும் ஓடுனாலும் நான் ஓட மாட்டேன்னு வாய் கிழியப் பேசுனவரு, ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்டதுக்கே நடுங்கிட்டாரு. அங்க நான் இருந்திருக்கணும்" என்பார். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

வாரநாட்களில் நாங்கள் இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் ஒருவன் இறங்குமுன், மேலே மோட்டார் அறையில் சுவிட்சை அணைத்து, ஃபியூஸையும் கழற்றி, இறங்குகிறவன் பையில் போட வேண்டும். அப்போதுதான் வேறு யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. கம்பெனியில் இந்த விதியை எல்லோருக்கும் ஒப்பிப்பவரும் அத்தான்தான்.

அன்று மோட்டார் அறையில் ஃபியூஸுக்காகக் கையை நீட்டினேன்.

"சுவிட்சை அணைச்சாச்சு, போ மாப்ள. அதெல்லாம் புதுசா வந்தவனுக்கு. இருபது வருஷத்துல என் வேலையில ஒருத்தனுக்குக் கீறல் விழுந்திருக்கா?"

நான் இறங்கினேன். அவர் அங்கேயே காவல் நிற்காமல், கட்டடத்துக்காரரிடம் தன் பிரதாபத்தை அளக்கப் போய்விட்டார். சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்த காவலாளி நல்ல மனதோடு அதைப் போட்டுவிட்டார். கீழ்த்தளத்தில் யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் இறங்கியது. என் இடது கால் முழங்காலோடு போயிற்று.

"ஃபியூஸை அவன்கிட்ட குடுத்தீங்களா?" என்று மேலாளர் கேட்டார்.

"குடுத்தேன் சார். அவனே திரும்ப மாட்டியிருப்பான்."

விசாரணைக்கு வந்த அதிகாரிக்கும் அதே பதில், துளியும் தடுமாறாமல். மூன்றாவதாகக் கேட்டது என் அக்கா, என் கட்டிலருகில். நான் தூங்குவதாக இருவருக்கும் நினைப்பு.

"என்னங்க, எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க."

"குடுத்தேன்னு சொல்றேன்ல. உன் தம்பிக்கு எப்பவும் அவசரம்."

ஆஸ்பத்திரியில் சேவல் ஏது? பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை; பின்னால் அதிகாரி கேட்டபோதும் உண்மையைச் சொல்லவில்லை. அக்காவின் குடும்பத்தைக் கெடுக்க மனம் வரவில்லை; அவராகவே சொல்லிவிடுவார் என்றும் நம்பித் தொலைத்தேன். கவனக்குறைவு என்று என் பெயரில் எழுதி என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஊன்றுகோலோடு நான் வகுப்புக்குத் திரும்பிய ஞாயிறன்று பாடம் பேதுரு. அத்தான் வழக்கம்போல் புத்தகத்தை மூடி வைத்திருந்தார். நக்கல் எதுவும் இல்லை. மூன்றாவது மறுதலிப்பு வரை சொல்லி நிறுத்திக்கொண்டார்.

முன்வரிசைத் தையல்காரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "அப்புறம் பேதுரு வெளிய போய் அழுவாருல்ல, அதை விட்டுட்டீங்களே" என்று எடுத்துக்கொடுத்தார்.

அத்தான் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"அதை அடுத்த வாரம் பாப்போம்" என்றார்.

அதன்பின் அவர் வகுப்புக்கு வரவே இல்லை. நாலு வருஷமாகிறது. அக்கா மட்டும் வருகிறாள். என் ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை.