மோல்டர் அமிர்தநாதனின் வலது கை

"ஏம்பா, நீ எஸ்.எஸ்.எல்.சி. எழுதினவன்தானே? ஒண்ணு கேக்குறேன், சொல்லு. என் வூட்டுக்காரருக்குக் கம்பெனியில சம்பளம் குடுக்குறதே மண்ணைத் தட்டறதுக்குத்தான். அதே கையால பட்டணத்துல போய் ஒரே ஒரு தடவை தரையைத் தட்டினாராம், கோப்பையே போயிடுச்சாம். அது எப்படிப்பா?"

ரோஸி அக்கா தையல் மெஷினை நிறுத்தாமலேயே இதைக் கேட்டார். கால்சட்டையை நீளம் குறைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை. கோல்ப் என்ற விளையாட்டைப் பற்றியே எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரோஸி அக்காவின் கணவர் அமிர்தநாதன், பென்னலூருக்குப் பக்கத்தில் இருந்த பம்பு கம்பெனியில் மோல்டர். பதினான்கு வருட சர்வீஸ். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அதற்கு மண்ணில் அச்சு செய்ய வேண்டும். அதுதான் மோல்டர் வேலை. பெட்டிக்குள் கருமண்ணைக் கெட்டித்து, மர மாதிரியை மெல்ல வெளியே எடுத்தால் அதே வடிவத்தில் ஒரு பள்ளம் கிடைக்கும். அதன் ஓரத்தில் உதிரி மண் நிற்கும். அதைத் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைக்க வேண்டும். தட்டாமல் விட்டால், ஊற்றுகிற இரும்பு அந்த மண்ணை இழுத்துக்கொண்டு போய், பம்பில் ஓட்டை விழும். ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி, பெட்டிக்கு இரண்டு தட்டு. பதினான்கு வருடத்தில் அந்தக் கை எத்தனை முறை தட்டியிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை.

கம்பெனியின் முதல் மேலாளர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பின்பக்கத்து மேய்ச்சல் தரையில், வேலிகாத்தான் முள்ளை வெட்டிவிட்டு, ஆறு குழி வைத்து ஒரு கோல்ப் மைதானம் போட்டிருந்தார். பட்டணத்து மைதானங்களில் குழியைச் சுற்றிப் புல் வளர்த்து வட்டமாகக் கத்தரித்து வைப்பார்கள். அதற்குப் பெயர் கிரீன். பென்னலூரில் அதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது? இரும்பு வார்க்கும் பவுண்டரியில் எரிந்து தீர்ந்த கருமண்ணில் கழிவு எண்ணெயைக் கலந்து குழியைச் சுற்றிக் கொட்டி நிரவினார்கள். இதற்குப் பெயர் பிரவுன். நிரவும் வேலை மோல்டர்கள் தலையில் விழுந்தது. வெள்ளைக்காரர் ஊருக்குப் போன பிறகு அதிகாரிகள் ஆடினார்கள். அப்புறம், சனிக்கிழமை அரை ஷிப்டு முடிந்ததும் தொழிலாளிகளும் ஆடலாம் என்று ஒரு உத்தரவு வந்தது. கொட்டகையில் கிடந்த பழைய மட்டைகளை எடுத்துக்கொண்டு ஐந்தாறு பேர் கிளம்பினார்கள். அமிர்தநாதனும், உலையில் வேலை செய்த கோதண்டமும் அதில் இரண்டு பேர்.

கோதண்டம் உள்ளூர்க்காரர், நிலபுலன் உள்ள குடும்பம். அடித்த பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து போய்த் தாமரைக் குட்டையில் விழும். அதைத் திருத்த, கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு அடித்துப் பழகினார். துண்டு கீழே விழாமல் அடித்தால் பந்து நேராகப் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். துண்டு விழவில்லை. பந்து குட்டையில்தான் விழுந்தது.

"யோவ் கோதண்டம், அந்தக் குட்டையில மீனுக்கு இன்னா பசி! வாரத்துக்கு நாலு பந்து முழுங்குது" என்பார் அமிர்தநாதன்.

"சிரிண்ணே, சிரி. நீ அடிக்கிற அடிக்கு எறும்பு முன்னாடி போயிடும்."

அதுவும் உண்மைதான். அமிர்தநாதனுக்கு நீள அடி வராது. அதையே தன்னுடைய குறை என்று நினைத்து, மதிய வெயிலில் தனியாக நின்று அதைத்தான் பழகினார். ஆனால் பந்து பிரவுனுக்கு வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பிரவுனில் ஒரு வழக்கம் உண்டு. எல்லார் கால் தடமும் மண்ணில் பதிந்திருக்கும் என்பதால், பந்தை உருட்டுவதற்கு முன் பந்திலிருந்து குழிவரை ஒரு சாக்கை இழுத்துப் பாதையைச் சமன் செய்துகொள்ளலாம். அமிர்தநாதனுக்குச் சாக்கு பிடிக்காது. உட்கார்ந்து கையால் துடைப்பார், உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், எழுந்து உருட்டுவார். பந்து உள்ளே போய்விடும்.

வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரியில், பட்டணத்து கிளப் ஒன்றின் மைதானத்தில் இன்னொரு கம்பெனியோடு கோப்பைக்கான ஆட்டம் நடக்கும். ஒரு பக்கத்துக்கு நாலு பேர். அதுவரை நாலு பேரும் அதிகாரிகள்தான். 1975-ஆம் வருட ஆட்டத்துக்கு முன்னால், அணித் தலைவராக இருந்த உதவி மேலாளர் மைக்கேல்ராஜ், நாலாவது இடம் இனி ஒரு தொழிலாளிக்கு என்றார். கொள்முதல் அதிகாரி பெரியநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தேர்வு வைத்தார்கள். அமிர்தநாதன் முதலாவதாக வந்தார்.

அந்த ஆட்டத்தின் கணக்கு எளிது. இரண்டு பேர் எதிரெதிராக ஆடுவார்கள். குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் விட்டவருக்கு அந்தக் குழி. பதினெட்டுக் குழிகளில் அதிகக் குழி எடுத்தவருக்கு ஆட்டம். அமிர்தநாதனுக்கு எதிராக வந்தவர் தாவீது என்ற விற்பனை அதிகாரி, மரியாதையான மனிதர். பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமம். மற்ற மூன்று ஆட்டங்கள் முடிந்திருந்தன. பம்பு கம்பெனிக்கு இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. அமிர்தநாதன் தோற்காமல் இருந்தாலே கோப்பை வந்துவிடும்.

கடைசிக் குழியில் தாவீது ஐந்து அடியில் முடித்தார். அமிர்தநாதன் நாலு அடி அடித்திருந்தார். பந்து குழிக்கு மூன்றடி தூரத்தில் நின்றது. உள்ளே தள்ளினால் ஐந்து, சமம். அவர் உட்கார்ந்து பார்த்தார். வழியில் ஒரு காய்ந்த இலை. துடைத்தார். இலை கிடந்த இடத்தில் யாரோ போட்டிருந்த ஆணிச் செருப்பின் தடம் மேடாக நின்றது. கை தானாக இரண்டு தட்டுத் தட்டியது.

தாவீது தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும். நீங்க தரையைத் தட்டினீங்க."

"ஆமா சார். மேடா இருந்துச்சு."

"இலையைத் துடைக்கலாம். தட்டி அமுக்கக் கூடாது. இந்தக் குழி எங்களுக்கு."

அமிர்தநாதன், அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார். "நான் இன்னும் பந்தையே தொடலியே சார்?"

மைக்கேல்ராஜ் பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்து, மூடி வைத்தார். பென்னலூரில் மண்ணுக்கு ஒரு சட்டம், இங்கே புல்லுக்கு ஒரு சட்டம் என்பதை யாரும் அமிர்தநாதனுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ஆட்டங்கள் இரண்டுக்கு இரண்டு. அப்படி முடிந்தால், போன வருடம் கோப்பையை வைத்திருந்தவர்களே வைத்துக்கொள்வது வழக்கம். போன வருடம் அது தாவீதின் கம்பெனியிடம் இருந்தது, அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வேனில் பெரியநாயகம் பேசினார். "மண்ணு வேலைக்காரனை மண்ணோட விட்டிருக்கணும். அன்னிக்கே சொன்னேன்."

மைக்கேல்ராஜ், "இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம். மறுபடியும் இதே மாதிரி சட்டத்தை மீறித் தோத்தா, நாலாவது இடமும் அதிகாரிகளுக்குத்தான்" என்றார். அது அமிர்தநாதனை மட்டும் பற்றிய பேச்சு இல்லை. சனிக்கிழமை ஆடுகிற எல்லாத் தொழிலாளிகளுக்கும் இருந்தது அந்த ஒரே இடம்தான்.

மறுநாளே செய்தி பவுண்டரி முழுக்கப் பரவியது. கேன்டீனில் அவர் உட்கார்ந்தால், "அண்ணே, டேபிளைத் தட்டிடாதே, சோறு அவனுக்குப் போயிடும்" என்று ஒருவன் பக்கத்து ஆளைக் காட்டுவான். அமிர்தநாதன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

அந்த வருடம் அவர் நீள அடியைப் பழகவில்லை. தன் பலம் என்று நினைத்திருந்த இடத்தில்தான் குறை இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிரவுனில் சாக்கும் இழுக்காமல், கையாலும் தட்டாமல், ஆட்டுக் குளம்புத் தடத்தின் மேலேயே பந்தை உருட்டினார். உட்காரும்போது வலது கையில் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். கை கீழே போனால் கோதண்டம் "ஏய்!" என்று கத்துவார். முதல் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்கு இருபது "ஏய்" விழுந்தது. மூன்றாவது மாதத்தில் இரண்டு. நாலாவது மாதத்தில் ஒன்றும் இல்லை.

அந்த நாலாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வார்த்த இரும்பைக் கடைகிற மெஷின் ஷாப்பிலிருந்து நாலு பம்பு உறைகள் திரும்பி வந்தன. நாலிலும் ஓட்டை. நாலிலும் பதினேழு என்ற எண் பதிந்திருந்தது. அது அமிர்தநாதனின் எண். போர்மேன் ஒன்றைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

"இன்னாய்யா இது? உன் நம்பர்தானே?"

"என் நம்பர்தான் சார்."

"உடம்பு கிடம்பு சரியில்லியா?"

அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். காரணம் அவருக்குத் தெரியும். உதிரி மண்ணைத் துடைத்திருந்தார். தட்டவில்லை. கை அங்கே பழகியதை இங்கேயும் செய்துவிட்டது.

அன்று மாலை கோதண்டத்திடம் மட்டையைக் கொடுத்துவிட்டார். "இந்த ஆட்டத்துக்காக இந்தக் கையைக் கெடுத்துக்க முடியாதுப்பா. இதை வச்சுத்தான் என் வூட்டுல அடுப்பு எரியுது."

"அப்போ அந்த இடம்?"

"நீ போ."

"நான் போனா கிளப்பு குட்டையில தண்ணி இருக்காது, பந்துதான் இருக்கும். ஒரு வாரம் வச்சுக்கினு இருக்கேன். அப்புறம் சொல்லு."

வீட்டுக்கு வந்து ரோஸி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா மெஷினை மிதித்தபடியே கேட்டார்.

"கையை நிறுத்தணும்னு யாரு சொன்னாங்க? என் காலைப் பாருங்க. பதினோரு வருஷமா மிதிக்குது. கோயில்ல பிரசங்கம் நடக்கும்போதும் ஆடும். நிறுத்தினா எனக்குப் பிரசங்கமே காதுல விழாது. அதனால செருப்பைக் கழட்டி அடியில வச்சு, அதுமேல ஆட்டிக்குவேன். சத்தம் வராது, சாமியாரும் திரும்பிப் பாக்க மாட்டாரு."

"அதுக்கு?"

"உங்க கை தட்டிட்டுப் போவட்டுமே. தரையிலதான் தட்டணும்னு இருக்கா?"

மறுநாள் அவர் கோதண்டத்திடம் போய் மட்டையைத் திரும்ப வாங்கினார். எதைத் தட்டுவது என்று இருவரும் ஆலோசித்தார்கள். தொடையைத் தட்டலாம் என்றார் அமிர்தநாதன்.

"வேணாண்ணே. அங்க போய்த் தொடையைத் தட்டினா மல்லுக்கட்டக் கூப்பிடுறேன்னு நெனச்சு அந்த ஆளு ஓடிடுவான்."

கை கீழ்நோக்கித்தான் போகிறது, அதனால் கீழேயே ஏதாவது வேண்டும் என்று யோசித்து, கடைசியில் காலணி என்று முடிவு செய்தார்கள். உட்கார்ந்து, துடைத்து, இடது காலணியின் மேல் இரண்டு தட்டு. பிறகு எழுந்து உருட்டுவது. பவுண்டரியில் கை பழையபடி மண்ணைத் தட்டியது. மைதானத்தில் காலணியைத் தட்டியது. ஏழு மாதம் சனிக்கிழமை தவறாமல் இதைச் செய்தார். பதினேழாம் எண் போட்ட உறை எதுவும் அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

1976 ஜனவரி. அதே மைதானம், எதிரே அதே தாவீது. மற்ற மூன்று அதிகாரிகளும் சீக்கிரமே தோற்றுவிட்டார்கள். பெரியநாயகம் ஏழு குழி பின்தங்கி, பாதி வழியைத் தாண்டியதும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருந்தார். கோப்பை போயாகிவிட்டது. ஆட்டம் முடிந்தவர்கள் எல்லாரும் கடைசிக் குழியைச் சுற்றி வந்து நின்றார்கள். இருவரும் மறுபடியும் சமம். தாவீது ஐந்தில் முடித்தார். அமிர்தநாதன் மூன்று முறைதான் அடித்திருந்தார், பந்து குழிக்கு மூன்றடி தூரத்தில் நின்றது. நாலாவது அடியில் உள்ளே விட்டால் வெற்றி.

அவர் உட்கார்ந்தார். வழியில் இலை ஒன்றும் இல்லை, கொஞ்சம் மணல் இருந்தது. துடைத்தார். கை எழுந்தது. மைக்கேல்ராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டதை, பக்கத்தில் நின்ற பெரியநாயகமே பிற்பாடு ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். கை இடது காலணியின் மேல் இறங்கி இரண்டு தட்டுத் தட்டியது. தாவீது அதைப் பார்த்தார்.  மணலைத் துடைக்கலாம், காலணியைத் தட்டவும் சட்டத்தில் தடை இல்லை.

அமிர்தநாதன் எழுந்து பந்தை உருட்டினார். பந்து நேராகப் போய், குழியின் இடது விளிம்பைத் தொட்டு, அரைவட்டம் சுற்றி வெளியே நின்றது. அடுத்த அடியில் உள்ளே தள்ளினார். ஐந்து. ஆட்டம் சமம். ஆளுக்கு அரைப் புள்ளி.

வேனில் வழக்கம்போல் கணக்குப் பேசினார்கள். எதிரணிக்கு மூன்றரை, பம்பு கம்பெனிக்கு அரை.

"மூணடி. அதைப் போய்த் தவற விட்டுட்டானே" என்றார் பெரியநாயகம்.

"நான் இன்னிக்கு அந்தத் தூரத்துல அஞ்சு தவற விட்டேன்" என்றார் மைக்கேல்ராஜ். "நீங்க எத்தனைன்னு சொல்லட்டுமா?"

பெரியநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அரைப் புள்ளியைக் கொண்டுவந்த ஆளை அணியை விட்டுப் போகச் சொல்ல வேனில் யாருக்கும் வாய் வரவில்லை. அமிர்தநாதன் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, விளிம்பில் சுற்றிய பந்தைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தார். பந்தைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி உருட்டியிருக்க வேண்டும். அது கையின் தப்பு இல்லை, கண்ணின் தப்பு. அதைப் பழகிக்கொள்ளலாம்.

அந்த மாதக் கடைசியில் கேன்டீன் பலகையில் அடுத்த வருட அணியைப் பற்றிய அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்று அதிகாரிகளின் பெயர் இருந்தது. நாலாவது வரியில் "தொழிலாளி ஒருவர், தேர்வின்படி" என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வேலையில் ஊறிய கையோ காலோ உள்ளவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். புது இடத்தில் அந்தப் பழக்கத்தால் திட்டு வாங்கியும் இருப்பார்கள். அவர்களிடம் மோல்டர் அமிர்தநாதனைப் பற்றிச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.