உதட்டில் கூவிய சேவல்

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. சேலத்துக்கு பஸ் ஏறிப் போய்க் காட்டியும் பலனில்லை. எதிரே நிற்பவர்களின் உதட்டைப் பார்த்து அவராகவே கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்ளப் பழகினார். மிளகு வாங்க வருகிறவர் பேசினால் தெரியும், பஸ் கண்டக்டர் பேசினால் தெரியும். நான் பேசினால் மட்டும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டால்தான் எனக்குப் பேச்சே வரும். கட்டியவரிடமும் அப்படித்தான். அதனால் எங்கள் பேச்சு சோறு, தண்ணி, கொடுவாள் என்று கைச்சாடையோடு நின்றுபோயிருந்தது. அவர் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, சாமை அறுப்பு முடிந்த சமயம். எங்கள் மலைத் தானியங்களைப் பார்க்க இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி ஜெர்மன்காரி, ஒருத்தி பிரான்சுக்காரி. அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல முள்ளுக்குறிச்சியிலிருந்து படித்த பெண் ஒருத்தியும் கூட வந்திருந்தாள்.

வாசலில் காய்ந்த சாமையைக் கொத்த வந்த எங்கள் சேவல், கல்மேல் ஏறி நின்று கூவியது. ஜெர்மன்காரி உடனே "கிக்கரிக்கி" என்றாள். பிரான்சுக்காரி இல்லையென்று தலையாட்டி, "கொக்கொரிக்கோ" என்றாள். மறுபடி இவள், மறுபடி அவள்.

மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"ஏ புள்ள, எதுக்கு ரெண்டும் சண்ட போடுதுங்க?"

காது போனவர் அல்லவா, குரல் ஊருக்கே கேட்டது. முந்தானைக்குள்ளிருந்து பதில் சொன்னேன்.

"துணிகிட்டயா சொல்ற? எனக்கு என்ன தெரியுது?" என்று சிரித்தார்.

படித்த பெண் அவர் முகத்துக்கு நேராக வந்து, "சண்டையில்லீங்க. அவங்கவங்க ஊர்ல சேவல் எப்படிக் கூவும்னு சொல்றாங்க" என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "நம்மூரு சேவல் எப்படிக் கூவும்னு கேக்குறாங்கம்மா. நீங்களே சொல்லுங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் முந்தானையை விட்டேன்.

"கொக்கரக்கோ."

கொ என்று குவிந்து, க என்று திறந்து, கோ என்று திரும்பக் குவிந்த என் வாயைப் பார்த்தார். "கொக்கரக்கோ!" என்று உரக்கத் திருப்பிச் சொன்னார். "அதான் சரி. அதுங்க ஊருச் சேவலுக்கெல்லாம் சளி புடிச்சிருக்குது!"

படித்த பெண் அதைச் சொன்னதும் பிரான்சுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அது விளையாட்டாகிவிட்டது. ஜெர்மனியில் நாய் வவ்வவ் என்னுமாம், பிரான்சில் வாஃப் வாஃப். நான் "லொள் லொள்" என்றேன். "தெரியலியே" என்றார். நாக்கு உள்ளேயே சுருண்டுகொள்கிற சத்தம், வெளியே எப்படித் தெரியும்? பூனைக்கு மட்டும் எல்லோரும் ஒன்றாக "மியாவ்" என்றோம், அவரும் சேர்ந்து.

நடுவில் தூறல் விழ, சாமையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினோம். தகரக் கூரை அவர் காது போன பிறகு போட்டது. அதில் மழை விழும் சத்தம் அவருக்குத் தெரியாது. "எப்படிக் கேக்குது?" என்று என்னிடம்தான் கேட்டார். சடசட என்றேன். உதடு அசைந்தால்தானே! பிரான்சுக்காரி தன் ஊர்ச் சொல்லைக் கொடுத்தாள்: "ப்ளிக் ப்ளொக்." உதடு ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. அதையே சொன்னேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

சாயங்கால பஸ்சுக்கு அவர்கள் போய்விட்டார்கள். சோறு போட்டுவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏ புள்ள, போன தையில நான் காட்டுக்குப் போயிருந்தப்ப உங்கண்ணன் வந்துட்டுப் போனாரே, என்ன சொன்னாரு?"

இத்தனை மாதமும் மனதில் வைத்திருந்திருக்கிறார். நான் அடுப்பு வெளிச்சம் முகத்தில் விழுகிற பக்கமாக நகர்ந்துகொண்டேன்.

"அண்ணனூட்டு எரும ரெட்டக் கன்னு போட்டுச்சுங்க."

"ரெட்டையா!" என்று கத்தினார். "பொட்டையா, கெடாவா?"