பகலில் எரிந்த பல்பு

பெரியப்பாவின் மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு குண்டு பல்பு தொங்கும். மழை படாமலிருக்க அதன் தலையில் பழைய பெயிண்ட் டப்பா ஒன்றைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்திருப்பார். வெளிச்சத்துக்காகப் போட்ட பல்பு இல்லை அது. எங்கள் பக்கம் புஞ்சை நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அவருடைய மக்காச்சோளக் காட்டைச் சுற்றி ஒரு கம்பி ஓடும். பல்பு எரிந்தால் கம்பியில் கரண்ட் இருக்கிறது, கிட்டே வராதே என்று அர்த்தம். அணைந்திருந்தால் தாராளமாக உள்ளே போகலாம். கம்பிக்கும் பல்புக்கும் ஒரே இணைப்பு. குன்னம் பக்கத்தில் எங்கள் ஊரில் அவ்வழியாக நடக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். இப்போதும் எங்காவது பட்டப்பகலில் ஒரு பல்பு எரிவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. யாராக இருந்தாலும் அதட்டி அணைக்கச் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது வானியல் ஆராய்ச்சி மாணவி. அப்படிச் சொன்னால் ராத்திரியெல்லாம் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு நட்சத்திரம் எண்ணுவேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் தொலைநோக்கியில் கண் வைத்ததெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டிய நாட்களில்தான். என் வேலை காதுக்கானது. வியாழன் கோளிலிருந்து அவ்வப்போது ரேடியோ அலைகள் கிளம்பி வரும். அவற்றைப் பிடித்துப் பதிவு செய்து, கோடும் புள்ளியுமாக மாறிய அந்தப் பதிவுகளை லேப்டாப்பில் உட்கார்ந்து சலிக்க வேண்டும். சலிப்பதுதான் பெரும்பாடு. மிக்ஸி, லிப்ட், எல்.இ.டி. விளக்கு, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் என்று நகரத்தில் இருக்கிற எல்லாமே இரைச்சல் போடும். ஆறு மாதம் பாடுபட்டு எடுத்த பதிவில் வியாழன் இருக்காது, எதிர்வீட்டு லிப்ட்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வெறுத்துப்போய் அழுத ஒரு நாளில்தான் என் கைடு, "உங்க ஊர்ல ஆளில்லாத இடமா ஏதாவது கெடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

அப்பா வேலைக்காக எங்களை அழைத்துக்கொண்டு பெரம்பலூர் டவுனுக்கு வந்துவிட்டதால் ஊர் வீட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய அண்ணன், என் பெரியப்பா. போனில் கேட்டவுடன் வரச்சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் அவரே குழி தோண்டிக் கம்பங்களை நட்டு, நான் காட்டிய திசையில் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். ஆண்டெனா என்றால் ராக்கெட் மாதிரி எதையோ எதிர்பார்த்த ஊருக்கு ஏமாற்றம்தான். பெரியம்மா மறுநாளே துவைத்த புடவையை அதில் காயப்போட்டுவிட்டாள். நான் கத்தியதில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெரியப்பாவுக்கோ வியாழன் என்றால் குரு பகவான். "பெயர்ச்சி ஆவுறாரே, அந்த குருவா பாப்பா? அவரு என்ன பேசுறாரு?" என்றார். பேச்சு இல்லை, கடல் அலை மாதிரி ஓர் இரைச்சல் என்றேன். ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "கோவமாத்தான் இருக்காரு. எனக்கு எப்ப நல்ல காலம்னு ஒரு வார்த்த கேட்டு வையி" என்று சிரித்தார். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும் அவருக்கு.

கதிரில் பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கும். அதற்கு ஊரில் செய்யாத வேலை இல்லை. பழைய புடவைகளைக் காட்டைச் சுற்றிக் கட்டினார்கள். பன்றி இரண்டே நாளில் பழகிக்கொண்டது. பெரியப்பா அதற்கென்றே விற்கிற பேட்டரி பெட்டி ஒன்றை வாங்கிக் கம்பியோடு இணைத்தார். அது நொடிக்கொரு தரம் சுண்டிவிடுகிற மாதிரி ஒரு துடிப்பை அனுப்பும், பன்றி பயந்து ஓடும், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. என் பதிவில் அது 'டக்... டக்...' என்று கேட்டது. சீராக வருகிற இரைச்சலைச் சலித்து எடுப்பது சுலபம் என்பதால் நானும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் முந்தைய இரவின் பதிவைத் திறந்தால் 'டக்' இல்லை. நள்ளிரவிலிருந்து விடியும்வரை வண்டு காதுக்குள் புகுந்துகொண்ட மாதிரி ஒரே 'ர்ர்ர்ர்'. அதை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். கரண்ட் கம்பியில் ஈரம் பட்டுப் பொறி பறக்கிற சத்தம். பெட்டி பழுதாகியிருக்கிறது, பெரியப்பா மோட்டார் லைனிலிருந்து நேராகக் கம்பிக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறார். காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன்.

"வேலிக்கு நேரடியா கரண்ட் குடுத்தீங்களா பெரியப்பா?"

"யாரு சொன்னா?"

"என் மெஷின் சொல்லுது."

"குருவே என்னையப் போட்டுக் குடுக்குறாரா?" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. மனுஷன் யாராவது பட்டால் என்ன ஆகும் என்று கேட்டதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒரு ராத்திரில பாதி காட்ட உருட்டிட்டுப் போவுது. நீ வந்து காவ காக்குறியா? ஊருக்கே தெரியுற மாதிரி பல்பு போட்டிருக்கேன். விடியறதுக்குள்ள ஆப் பண்ணிடறேன். படிச்ச புள்ளையாச்சேன்னு பாக்குறேன், போயி ஒன் வேலையப் பாரு." எனக்கும் வாய் சும்மா இருக்காது. அன்றிலிருந்து தினமும் காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம்வரை எமனைக் கட்டிப்போட்டிருந்தீர்கள் என்று படம் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெரியம்மா நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டுவாள். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "அரியலூர்ல ரிப்பேருக்குக் குடுத்த பெட்டி ரெடியாயிடுச்சாம். நாளைக்கு மொத பஸ்ல போயி வாங்கியாந்துடறேன். ஆள வுடு தாயி" என்றார். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் விடியுமுன்னே ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பெரியப்பா பஸ்ஸுக்குப் போகிற வழியில் தூரத்திலிருந்தே கொட்டகையைப் பார்த்திருக்கிறார். பல்பு எரியவில்லை. கரண்டே இல்லாதபோது எதைப் போய் அணைப்பது? அந்த நேரத்தில் கரண்ட் போனால், லைன்மேன் சாவகாசமாக வந்து பார்க்காமல் எங்கள் ஊருக்குக் கரண்ட் திரும்பாது. அதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். செம்புக் கம்பி திருடர்களுக்குப் பயந்து எப்போதும் பூட்டியே வைத்திருக்கும் கொட்டகையின் சாவியோடு பஸ் ஏறிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் நான் கார் பேட்டரியில் ஓடிய ரிசீவர் முன் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போவது எங்களைப் போன்றவர்களுக்குத் திருவிழா. ஊரே ஊமையாகிவிடும். மேற்கே இறங்கிக்கொண்டிருந்த வியாழனிலிருந்து அலை அலையாக, அத்தனை சுத்தமாக நான் அதுவரை கேட்டதே இல்லை. பெரியம்மா வாசலில் நின்று, "புல்லறுத்துட்டு வந்துடறேன்டி, டீ அடுப்பு மேல இருக்கு" என்றாள். ஹெட்போனைக் கழற்றாமலே கையசைத்தேன். அரிவாளும் கையுமாக அவள் போனாள்.

நன்றாக விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்தபிறகு காதுக்குள் 'ர்ர்ர்ர்' என்றது. என்ன வெட்கக்கேடு, முதலில் எனக்கு வந்தது எரிச்சல்தான்; நல்ல பதிவைக் கெடுத்துவிட்டாரே என்று. தலைக்கு மேல் மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. கம்பியிலும் வந்துவிட்டது. பெரியப்பா பஸ்ஸில். பெரியம்மா காட்டுக்குள். போன் போட்டேன், பெரியப்பாவின் போன் வீட்டு அலமாரியிலேயே மணி அடித்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

கொட்டகை வாசலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பயிர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது, பெரியம்மா எங்கே என்று தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். "ஏண்டி இப்பிடிக் கத்துற? வந்துட்டேன்" என்று பக்கத்திலிருந்தே குரல் வந்தது. சோளத் தட்டைகள் அசைந்தன. தலையில் புல்லுக்கட்டோடு வெளியே வந்தவள், எப்போதும் செய்கிற மாதிரி ஒரு கையால் கம்பியைத் தூக்கிக் குனிந்து வெளியே வர, கையை நீட்டிவிட்டாள்.

"தொடாத! பெரியம்மா, கம்பியத் தொடாத, கரண்ட் இருக்கு!"

"பல்புதான் அணைஞ்சிருந்துச்சே?"

"இப்ப எரியுது, திரும்பிப் பாரு!"

திரும்பிப் பார்த்தாள். கட்டு தலையிலிருந்து சரிந்து விழுந்தது. பனியில் நனைந்த புல்நுனி கம்பியில் பட்டுச் சுர்ரென்று பொரிந்தது. அவள் இரண்டடி பின்னால் போய் நின்று என்னையே பார்த்தாள். அவள் உள்ளே, நான் வெளியே, நடுவில் ஓர் ஆள் நீளம்கூட இல்லை. கல்லை எடுத்துக்கொண்டு பூட்டை உடைக்கப் போனேன். "தகரக் கதவுடி, அதுலயும் பாஞ்சிருக்கும், கை வெக்காத!" என்று அவள் அலறினாள். நல்லவேளை, நின்றுவிட்டேன். போனை எடுத்ததும் என்ன செய்யப் போகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "லைன்மேனக் கூப்புடாத. கேஸ் ஆயிடும். கனெக்சனப் புடுங்கிடுவாங்க. நான் நடுக்காட்டுல போயி குந்திக்கிறேன், ஒங்க பெரியப்பா வந்துடுவாரு. சாமி, வேணாம்டி."

அவள் சொன்னபடி அவள் உட்கார்ந்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்க வருகிற பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. விடிந்தால் பல்பு அணைந்திருக்கும் என்று நம்பி வீட்டிலிருந்து கிளம்பியவர்கள். ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் வேறு இருப்பார்கள். நான் ஒரு பக்கத்தை மறித்துக்கொண்டு நிற்கலாம். காட்டுக்கு நாலு பக்கம். போன் போட்டேன். பேசி முடிக்கும்வரை பெரியம்மா உள்ளே தலையிலடித்துக்கொண்டு, "குடியக் கெடுத்துட்டியேடி பாவி" என்று அழுதாள். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் லைன்மேன் ஊர்க் கரண்டை நிறுத்தியதும் பல்பு அணைந்தது. ஆனாலும் பெரியம்மா வெளியே வரவில்லை. அணைந்த பல்பை இனி எப்படி நம்புவது? களையெடுக்க வந்த பெண்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எல்லாரும் அந்த ஒற்றைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். லைன்மேன் பைக்கில் வந்து இணைப்பை அறுத்துப்போட்டு, இனிப் பயமில்லை வாங்கம்மா என்றார். அப்போதும் அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அந்த நேரத்தில்தான் பெரியப்பா மஞ்சள் பையில் பேட்டரி பெட்டியோடு வரப்பில் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், அறுந்து கிடந்த ஒயரைப் பார்த்தார், கம்பிக்கு அந்தப்புறம் நின்ற மனைவியைப் பார்த்தார். பையைக் கீழே போட்டுவிட்டு வந்து, கரண்ட் இருக்கிறதா என்று புறங்கையால் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, "வா" என்றார். அவள் குனிந்து வந்தாள். வந்தபிறகும் அவர் கம்பியை விடவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ சொன்னன்னுதான பாப்பா போனேன்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பெரியம்மா பயந்தபடியே எல்லாம் நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள், இணைப்பைத் துண்டித்தார்கள், அபராதம், கேஸ். வாங்கி வந்த பெட்டியைப் பெரியப்பா கட்டிலுக்கடியில் தள்ளியதோடு சரி, வெளியே எடுக்கவே இல்லை. கதிர் முற்றுவதற்குள் பன்றி காட்டைத் துடைத்துவிட்டது. என் ஆண்டெனாவை மட்டும் அவர் பிடுங்கிப் போடவில்லை. வேலி இல்லாத அந்த மாதங்களில் என் பதிவுகள் கண்ணாடி மாதிரி வந்தன. என் ஆராய்ச்சியில் ஒரு முழு அத்தியாயமே அதிலிருந்துதான். "இந்த சீசன் டேட்டா எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்று கைடு பாராட்டினார். எந்தக் காடு அழிந்து அந்தச் சுத்தம் வந்தது என்று அவருக்கு எப்படி விளக்குவது? அதற்காக நான் செய்தது தப்பென்றும் நினைக்கவில்லை. இன்னொரு தரம் அந்த இடத்தில் நின்றாலும் போன் போடுவேன். பெரியப்பா மேல் எனக்கும் கோபம் உண்டு, இன்னும் ஆறவில்லை. அவரைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். இப்போது அந்தக் காட்டில் பருத்தி போட்டிருக்கிறார். பன்றி அதைச் சீண்டாது. வேலி கிடையாது, கம்பி கிடையாது, கம்பி கட்டிய குச்சிகள்கூடக் கிடையாது. நான் போனால் அவர் வீட்டில் தங்கமாட்டார், ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவார். அன்று பெரியம்மாதான் இரண்டு பேரையும் விடாமல் பருத்தி பார்க்க அழைத்துப் போனாள். அவர் முன்னால், அவள் நடுவில், நான் கடைசியில். முன்பு கம்பி ஓடிய இடம் வந்ததும் பெரியம்மா நின்றுவிட்டாள். தினமும் அப்படித்தான் நிற்பாளாம். பெரியப்பா திரும்பி வந்து, ஒன்றுமே இல்லாத அந்த வெறும் இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை உயரத் தூக்கிப் பிடித்து, "வா" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு அந்தப்பக்கம் போனாள். நான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பருத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தூக்கிய கையை இறக்கவில்லை. நானும் குனிந்து தாண்டிப் போனபிறகுதான் இறக்கினார்.