ஒற்றைப்படைச் சுருள்கள்

அந்தத் திரைப்பட நூலகத்தில் அவளுக்கு 'ஒத்தப்படை' என்று பெயர். திரையிடலுக்குப் போய்த் திரும்பும் படச்சுருள்களில் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே இரண்டு மேசைகள். ஒன்று, மூன்று, ஐந்து என்று போகும் சுருள்கள் அவளுக்கு. இரண்டு, நான்கு, ஆறு பக்கத்து மேசைக்காரருக்கு. ஆக, இருபத்திரண்டு வருடமாக அவள் எந்தப் படத்தையும் பாதிதான் பார்த்திருக்கிறாள். அதுவும் சத்தமில்லாமல், பிலிமின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டு, இடையிடையே நிறுத்தி, பூதக்கண்ணாடி வழியாக. சினிமாவில் வேலை என்று சொந்தக்காரர்கள் பெருமையடித்துக்கொண்டது இதைத்தான்.

அவளுக்கு ஒரே ஒரு படத்தின் மேல் உயிர். மூன்று பாகமாக வந்த பழைய வங்காளப் படம், கறுப்பு வெள்ளை. ஏழை வீட்டுப் பையன் ஒருவன் வளர்ந்து ஆளாகிற கதை. முதல் பாகம் மேசைக்கு வந்தால் போதும், மற்ற நாளெல்லாம் பரபரவென்று ஓடும் கை மெதுவாகிவிடும். அதில் பையனுக்கு ஓர் அக்கா. இடிந்த வீடு, கிழிந்த துணி, எது இல்லாவிட்டாலும் வாடாத முகம். அந்த முகத்தைப் பார்த்தபடி டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஏனென்றால் அது அவளுடைய சொந்த அக்காவின் முகம். சின்ன வயதில் பாட்டில் கழுவும் கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். மழை வந்தால் ஏழு இடத்தில் ஒழுகும். அக்கா ஏழு பாத்திரத்தையும் வைத்துவிட்டு, "எது முதல்ல நிறையுதுன்னு பாக்கலாமா, பந்தயம்?" என்பாள். அந்தக் குஷியில் நனைந்த பாய்கூட உறைக்காது. பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அக்கா கொட்டகைக்குப் போனாள். தங்கை படித்தாள், வேலைக்கு வந்தாள். அதற்காக அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூடப் பிறந்தவளிடம் போய் நன்றி என்றால், "என்னடி, கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்பாள்.

இப்போது அக்கா மகனோடு தூர தேசத்துக்கே குடிபோகிறாள். இன்னும் பத்து நாள்தான். அந்த நேரம் பார்த்து நூலக அரங்கில் அந்தப் படத்தின் முதல் பாகம். தன் வாயில் வராததைப் படமாவது சொல்லட்டும் என்று அவள் அக்காவைக் கூப்பிடப் போனாள்.

"நாம பட்டது பத்தாதா? அதை ஏசி ரூம்ல உட்காந்து வேற பாக்கணுமா?" என்றாள் அக்கா.

"அதுல வர்ற அக்கா அப்படியே நீதான். வந்து பாரேன்."

"கடைசியில அவளுக்கு என்ன ஆகுது?"

"கட்டிக் குடுத்துடறாங்க."

சத்தியமாக அப்படித்தான் நம்பியிருந்தாள். ஒரு சுருளில் அந்தப் பெண் மழையில் ஆட்டம் போடுகிறாள். அவளிடம் வரும் அடுத்த சுருளில் பெண்ணைக் காணோம். வெளியூரிலிருந்து திரும்பிய அப்பா ஒரு புடவையை எடுத்து நீட்டுகிறார். அம்மா அதால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். கல்யாணப் புடவை, பெண்ணைப் பிரிந்த அழுகை, இதிலென்ன சந்தேகம்? ஒருமுறை பக்கத்து மேசைக்காரரிடம் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறாள். "நாலு ஒட்டு, ஒரு கீறல்" என்றார் அந்த மகானுபாவர்.

அரங்கில் மழைக் காட்சிக்கு அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். தங்கைக்கு மனம் நிறைந்துபோயிற்று. அதற்கப்புறம் படத்துப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. ராத்திரியெல்லாம் புயல். விடிந்தபோது அந்தப் பெண் இல்லை.

தங்கை இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். நீதான் நீதான் என்று கையைப் பிடித்து இழுத்து வந்து, ஊரைவிட்டே போகிறவளின் கண்ணெதிரில் அவளையே சாகக் கொடுத்தாயிற்று.

"போயிடலாம்க்கா."

"சும்மா உட்காரு. பாக்கறேன்ல."

விளக்கு போட்டதும் அவள் தேம்பினாள். "எனக்குத் தெரியாதுக்கா. அந்தச் சுருள் என் கைக்கு வந்ததே இல்ல."

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எனக்கும் இதே மாதிரி காய்ச்சல் வந்துச்சு. பத்து வயசு. அம்மாவே கை விட்டுட்டா. உனக்கு நாலு வயசு, என்ன தெரியும்? என் நெஞ்சு மேல ஏறி உட்காந்துகிட்டு, பசிக்குது எந்திரி, பசிக்குது எந்திரின்னு ரெண்டு கையாலயும் அறைஞ்ச. உன் தொல்லை தாங்காமதான்டி கண்ணு முழிச்சேன்."

"எனக்கு ஞாபகமே இல்லையே!"

"உனக்கு எதுக்கு? எனக்கு இருக்கு" என்றாள் அக்கா. பிறகு வெள்ளையாகிவிட்ட திரையைக் கை காட்டினாள். "பாவம், இந்தப் பையன் ரொம்ப நல்லவன். அக்காவை அடிச்சு எழுப்பத் தெரியல."