சத்தமில்லாமல் ஒரு ஏலம்

போன வியாழக்கிழமை காலை, எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளி போகிற வழியில் இருக்கும் ஒரு மீனவர் குப்பத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். காலடிப்பேட்டையிலிருந்து இதற்காக அவ்வளவு தூரமா என்று வீட்டில் கேட்பார்கள். படகிலிருந்து இறங்கிய மீனை அப்படியே வாங்கும் சுகம் இருக்கிறதே... சொன்னால் புரியாது.

கரையில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

மீன் ஏலம் நடக்கும் இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அங்கே இப்படி ஓர் அமைதியைப் பார்த்ததும் ஊரில் ஏதோ துக்கம் என்றே நினைத்துவிட்டேன். மெதுவாக அடியெடுத்து வைத்து நடந்தேன்.

கிட்டே போனால்... ஏலம் நடந்துகொண்டிருக்கிறது! ஏலக்காரர் ஏழுமலை கூடையைக் காட்டுகிறார். வியாபாரிகள் விரலை நீட்டுகிறார்கள். அவர் உதட்டைப் பிதுக்குகிறார். இன்னொரு விரல் எழும்புகிறது. நடுக்கடலில் இன்ஜின் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்று படகுக்குப் படகு கையாலேயே பேசிப் பழகியவர்கள். அன்று கரையிலும் அப்படியே பேசினார்கள்.

எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் கன்னியம்மா ஓரமாக வரச்சொல்லிக் கிசுகிசுத்தார்.

"தேவிக்கு இன்னிக்கு பரீட்ச மாரி சார். ஆபீஸ் மேடம் போன்ல கேட்டுகினு கீது."

தேவி அவருடைய மகள். மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட் கேட்டு போன் செய்பவர்களுக்கு, வீட்டில் உட்கார்ந்தபடியே பதில் சொல்கிற வேலை. அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒரே அறை, நான்கு லேப்டாப், ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷன்.

இப்போது கம்பெனி எல்லோரையும் ஆபீசுக்கு வரச்சொல்லிவிட்டது. ஆபீஸ் எங்கே? பழைய மகாபலிபுரம் சாலையில். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். இல்லையென்றால் ஹாஸ்டல். நான்கில் இரண்டு வீட்டில் ஹாஸ்டலுக்கு அனுப்பவே மாட்டார்கள். அவர்கள் வேலை அத்தோடு சரி.

ஜன்னலுக்கு வெளியே காலையில் மீன் ஏலம் நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லி, தேவி கெஞ்சியிருக்கிறாள். சூப்பர்வைசர் மேடம் ஒரு நிபந்தனை போட்டார் — ஏலம் நடக்கிற நேரத்தில்தான் உன் அழைப்புகளைக் கேட்பேன். இரைச்சல் இருந்தால் நான்கு பேரும் ஆபீஸ்தான்.

ஏலம் நடப்பதோ தேவியின் ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி. படகு ஒதுங்குகிற இடத்தை மாற்ற முடியுமா? ஊர் கூடிப் பேசி, வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டது.

அதில் நஷ்டம் உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏலத்தில் குரல் ஏற ஏறத்தான் விலையும் ஏறும். விரலுக்கு அந்த வேகம் வராது. அன்று நல்ல மீனெல்லாம் மந்தமான விலைக்குத்தான் போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆனால், எதையுமே கொஞ்சம் அதிகமாகச் செய்துதானே நமக்குப் பழக்கம்? ஐஸ் உடைக்கும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். நாய்களுக்கெல்லாம் மீன் போட்டுக் குரைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். விளைவு — மேடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏலம் நடக்கிற குப்பம் என்றாய், ஒரு சத்தமும் இல்லையே... உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டார்.

பொய் சொன்னவளாக ஆகிவிட்டேனே என்று தேவிக்கு அழுகை. கேமராவை ஆன் செய்து லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். திரையில் நாற்பது பேர், விரல்களைத் தூக்கியபடி.

யார் இவர்கள், ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று மேடம் கேட்டாராம்.

"எங்க ஊரு மேடம். எங்க நாலு பேருக்காக பேசாம நிக்கறாங்க."

மேடம், வெளிச்சத்தம் கேட்காத ஹெட்செட் நான்கு அனுப்புகிறேன், வீட்டிலிருந்தே வேலையைப் பாருங்கள், முதலில் அவர்களைப் பேசச் சொல்லு என்றாராம்.

தேவி வாசலுக்கு ஓடிவந்து இதைச் சொன்னதும் அடக்கிவைத்திருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

ஏழுமலை மட்டும் கத்தவில்லை. அவருடைய ஒரே மகள் வேறொரு கம்பெனி வேலைக்காக, நகரத்தின் அந்தக் கோடியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். பொங்கலுக்கு வருவாள், இரண்டாம் நாள் கிளம்பிவிடுவாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேவியிடம் வந்தார்.

"அந்த மேடத்தாண்ட எம் பொண்ணுக்கும் ஒரு எடம் கேளேன்மா. வூட்லயே குந்திகினு வேல பாக்கட்டும். நான் தெனிக்கும் வாயத் தொறக்காமலே ஏலம் வுடறேன்."

வொர்க் ஃப்ரம் ஹோம் தேவையா, இல்லையா என்று டிவியில் மணிக்கணக்காக விவாதிக்கிறார்களே... ஒரு நாள் ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.