மூணு மரமும் ஒரு புகைபோக்கியும்

பழைய சாமான் கடைக்காரனுக்குச் சாமான் கிடைப்பது கஷ்டமே இல்லை; கேட்ட சாமானைக் கேட்ட நேரத்தில் கண்டுபிடிப்பதுதான் உயிரை வாங்கும். என்னைப் போலக் கடை போட்டு அவதிப்படுகிற சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போன வாரம் தூக்கிக் கொடுத்ததைத்தான் இந்த வாரம் ஒருத்தர் வந்து கேட்பார். ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியில் என்னை ஒரு கப்பல் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

டீக்கடைச் சிரிப்பு

காசிம் சாரங்கு வியாபாரக் கப்பலில் மேல்தளத்து வேலையாட்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர். வேலை ஓய்ந்தபின் மகள் வீட்டோடு தென்காசிக்கு வந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்த பெரிய தண்ணீரெல்லாம் குளமும் அருவியும்தான். அவர்களிடம் போய், 'நான் வேலை பார்த்த கப்பலில் பாய் கட்ட மூணு மரமும் உண்டு, புகைபோக்கியும் உண்டு' என்று சொல்லியிருக்கிறார். டீக்கடையே குலுங்கிவிட்டது. "அடுப்பையும் பத்தவச்சு, பாயையும் விரிப்பானாவே?" என்று ஒருத்தன் கேட்க, அன்றையிலிருந்து அவருக்குப் புளுகுக் கப்பல் என்று பட்டம். மனுஷன் அந்தத் தெருப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். பேசாமல் ஊரைவிட்டே போய்விடலாம் என்றுகூட இருந்தார்.

அவர் பேச்சை ஊர் நம்ப ஒரே ஒரு வழிதான் இருந்தது. கப்பல் தச்சன் ஒருவன் அதே கப்பலை இரண்டு அடி நீளத்தில் அச்சு அசலாகச் செய்து இவருக்குக் கொடுத்திருந்தான். இவர் அதைக் கேப்டன் துரைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். துரை குற்றாலத்தில் பங்களா வைத்திருந்து, சுதந்திரம் வந்ததும் சீமைக்குப் போய்விட்டார். என் கடைக்கு வந்து அதைத் தேடித் தரச் சொன்னவர், அடையாளம்கூடச் சொன்னார்: கப்பல் கட்டும்போது நடு மரத்துக்கு அடியில் காசு வைப்பது வழக்கமாம், அந்தச் சின்னக் கப்பலிலும் நடு மரக் குழிக்குள் ஒரு காலணா இருக்குமாம். கேட்கக் கேட்க எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. பரபரப்பு வந்தால் எனக்கு முதுகு அரிக்கும். கல்லாவுக்குப் பின்னால் இருந்த தேக்குக் குச்சியை எடுத்துச் சொறிந்துகொண்டே, "சாரல் முடியுறதுக்குள்ள கப்பல் உம்ம கையில பாய்!" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சாரங்குக்குக் கண் கலங்கிவிட்டது. "அதை அந்தப் பெஞ்சுல வச்சுட்டு ஒரே ஒரு டீ குடிக்கணும் அண்ணாச்சி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அருவியில் விசாரணை

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு ஓடினேன். நல்ல சீசன். பங்களாக் காவல்காரர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்தபின் குளிக்காமல் நின்று பேசினால் சளி பிடிக்கும் என்று விறுவிறுவென்று அருவிக்கு நடந்துவிட்டார். விடுவேனா? நானும் பின்னாலேயே போய், கூட்டத்துக்குள் நுழைந்து, அவர் பக்கத்தில் தலையைக் கொடுத்து, "கப்பல்! கப்பல்!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள்.

அரைமணி கழித்து வெளியே வந்து, தலையைத் துவட்டி, வெற்றிலை போட்டபிறகுதான், நான் திரும்பக் கேட்டதற்கு அவர் வாயைத் திறந்தார். "அதைத் துரை போன மறுமாசமே தென்காசி வண்டிக்காரனுவ சில்லறைச் சாமானோட அள்ளிட்டுப் போயிட்டானுவ, இதைக் கேக்கவா வேட்டியோட வந்து குளிச்சீரு?"

சிவகிரிக் கப்பல்

வண்டிக்காரர்கள் நாலு பேரையும் பிடித்து உலுக்கினேன். எதை எங்கே இறக்கினோம் என்று ஒருத்தனுக்கும் நினைவில்லை. அந்த நேரத்தில் சிவகிரியில் ஒரு பஞ்சு வியாபாரி வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் இருக்கிறது என்று ஒருத்தன் சொன்னான். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் முதுகு அரிப்பு. குச்சி கடையில் கிடந்தது. போய்ப் பார்த்தால், ராமேஸ்வரத்தில் வாங்கிய சிப்பிக் கப்பல்! உள்ளே பாட்டரி போட்டுச் சின்ன பல்பு வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வியாபாரிக்கும் கோபம் வந்துவிட்டது. "ஏன் மூஞ்சியச் சுளிக்கீரு? உம்ம கப்பல்ல லைட்டு எரியுமாவே?"

படியில் நின்ற கப்பல்

சாரல் முடிந்துவிட்டது. சாரங்கு தெருவில் வந்தால் நான் சந்துக்குள் புகுந்துகொள்வேன். அவர் பெட்டி கட்டுகிறார் என்று அவர் மருமகன் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் கீழப்பாவூர் மாமி ஒருத்தியிடமிருந்து, என்னிடம் வாங்கிய பீரோ கதவு மூடவில்லை என்று ஆள் வந்தது. நவராத்திரி சமயம். பீரோவைச் சரி செய்துவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு கொலுவைப் பார்த்தேன். நாலாவது படியில் குகன் ஓடம். ராமர், சீதை, லட்சுமணர், துடுப்போடு குகன். ஆனால் அந்த ஓடம்! கூர்மையான மூக்கு, இரண்டு பக்கமும் வரிசையாகக் குட்டி ஜன்னல், பின்னால் பித்தளைச் சுக்கான். குகன் எந்த ஊரில் சுக்கான் பிடித்தான்? பக்கத்திலேயே, ஊதுபத்தி செருகி வைத்த பித்தளைப் புகைபோக்கி! சுண்டல் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"மாமி, அந்த ராமரைக் கொஞ்சம் தூக்குங்கோ, கீழே ஒரு குழி இருக்கும், உள்ளே காலணா இருக்கும்" என்று கெஞ்சினேன். நவராத்திரி முடியும்வரை பொம்மையை அசைக்கப்படாது என்று மாமி ஒரே பிடி. அப்படியே எடுத்தாலும், ராமர் எதில் கங்கையைத் தாண்டுவார், வேறு ஓடம் கொண்டு வாங்கோ என்றாள். அதெல்லாம் சரி, எந்தத் தடியன் இந்த அருமையான கப்பலை இப்படி மொட்டையடித்து விற்றான் என்று நான் பல்லைக் கடித்தேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், நீங்கதானே! 'இந்தக் கம்பு, குழாயெல்லாம் எடுத்துட்டா அச்சு அசல் குகன் ஓடம் மாமி'ன்னு என் கண் முன்னாடி பிடுங்கினேளே!"

பெஞ்சும் டீயும்

விஜயதசமிக்கு மறுநாள் விடியும் முன்பே நான் கீழப்பாவூரில் நின்றேன், கையில் சிவகிரிச் சிப்பிக் கப்பலோடு. அந்த வியாபாரியின் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிவந்தது. பல்பு எரிவதைப் பார்த்ததும் மாமிக்குப் பரம சந்தோஷம். ராமர் இடம் மாறினார். குழிக்குள் விரலை விட்டேன். காலணா! வாசலிலேயே குதித்துவிட்டேன்.

அன்று மாலை டீக்கடைப் பெஞ்சில் கப்பல் இருந்தது. புகைபோக்கியை அதன் இடத்தில் செருகி, மூணு குழியையும் சாரங்கு ஒவ்வொருத்தனுக்கும் விரலால் தொட்டுக் காட்டினார். "மரம் எங்கவே?" என்றான் அந்தப் பட்டம் வைத்தவன். சாரங்கின் முகம் சுருங்கியது. எனக்குப் பதற்றத்தில் முதுகு அரிக்க, பழக்க தோஷத்தில் இடுப்பில் செருகியிருந்த தேக்குக் குச்சியை எடுத்துச் சொறிந்தேன். சாரங்கு என் கையையே பார்த்தார். மேலே இரண்டு குறுக்குக் கட்டை, ஓரத்தில் குட்டிக் குட்டி வளையம். வெடுக்கென்று பிடுங்கி நடுக் குழியில் வைத்தார். டக்கென்று உட்கார்ந்தது. பட்டம் வைத்தவன் எழுந்து, தன் கையாலேயே டீ கிளாஸை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

சாரங்கு ஒரு வாய் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அண்ணாச்சி, கடல்ல எத்தனை புயலுக்கும் அசையாத மரம்வே இது, இதை வச்சா இத்தனை வருசமா முதுகு சொறிஞ்சீரு?"

அன்றையிலிருந்து யாராவது ஒரு சாமானைத் தேடி வந்தால், ஊரெல்லாம் அலைவதற்கு முன்னால் முதலில் என் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.