வெள்ளை வேட்டியைக் கண்டால் கிளிக் ஆகாத கேமரா

கம்ப்யூட்டரிலிருந்தே கேமராவைக் கிளிக் செய்ய நானே ஒரு கேபிள் செய்திருந்தேன். நேற்று கலர் துண்டுகளை ஒழுங்காக எடுத்தது; இன்று காலையிலிருந்து வேலை செய்யவில்லை.

கேமரா மேஜைக்கு மேலே தொங்கும். கீழே நான் வேட்டியை மாற்ற மாற்ற, கம்ப்யூட்டர் படம் எடுக்க வேண்டும். ஐந்து மணிக்குள் அறுபது வேட்டிப் படங்கள் போகாவிட்டால் என்னிடம் மொத்தமாக வேட்டி வாங்கும் கோயம்புத்தூர் பார்ட்டி வேறு கடைக்குப் போய்விடுவார்.

லென்ஸ் முன்னும் பின்னும் அலைகிறது, கிளிக் மட்டும் இல்லை. மூன்று முறை வயரை அறுத்து, மறுபடி ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தேன். பொறுமை போய், கேமராவை ஒரு வேட்டியில் சுற்றி, லேப்டாப்போடு பசுமலைக்கு ஓடினேன். அங்கே செல்வி செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார்.

மேஜையில் கிடந்த செல்போன்களுக்கு நேரே கேமராவைப் பிடித்து லேப்டாப்பில் தட்டினார். முதல் தட்டிலேயே கிளிக்.

“கேபிள் நல்லாத்தானே இருக்கு. வீட்டுல எதை எடுத்தீங்கண்ணே?”

“இந்த வேட்டியத்தான்.”

வாங்கி லென்ஸுக்கு நேரே விரித்து, மறுபடி தட்டினார். லென்ஸ் அலைந்தது, கிளிக் இல்லை.

“வெறும் வெள்ளையா இருந்தா அது எதப் பாத்து ஃபோகஸ் பண்ணும்? ஃபோகஸ் ஆகாம கிளிக் ஆகாது. இதுக்கா வயரை இம்புட்டு அறுத்தீங்க?”

லென்ஸ் ஓரத்துச் சுவிட்சைத் தள்ளி, கையால் ஃபோகஸ் வைத்தார். கிளிக்.

வீட்டுக்கு ஓடி வந்து எடுத்ததில், நாலே முக்காலுக்குப் படங்கள் போய்விட்டன.

“எம்புட்டும்மா?” என்று கடையிலிருந்து கிளம்பும்போதே செல்வியிடம் கேட்டிருந்தேன்.

“காசு வேணாம். எங்க வீட்டுக்காரர் வளையல் கடைக்கும் இப்படி ஒரு கேபிள் செஞ்சு குடுங்க.”

பேசி முடித்தது இதுதான்: வயர் செல்வியுடையது, வேலை என்னுடையது. சால்டர் மட்டும் என்னை நம்பி விடமாட்டாராம், அவரே வைப்பாராம்.